ஹோல்டானின் கட்டைவிரல்

கால் கட்டைவிரலுக்காக பஸ்ஸுக்குள் பொதுத்தேர்தல் நடத்திய மனிதர் உலகத்திலேயே எங்கள் ஹோல்டான் ஒருவர்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் இலுப்பூரில் பள்ளிக்கூட குமாஸ்தா. திருக்கோகர்ணத்தில் காலை பஸ் ஏறுவேன். அதில் அவர் கண்டக்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும், பஸ்ஸை நிறுத்த அவர் போடும் "ஹோல்டான்!" சத்தத்துக்கு வயலில் உழுகிற மாடுகளும் நின்றுவிடும். பின்பக்க ஏணியில் ஏறிக் கூரையில் மூட்டை அடுக்குவதில் அவருக்கு அப்படியொரு கர்வம். கோழிக்கூடைக்குக் காற்றோட்டமான ஓரம் ஒதுக்குவார். கேட்டால், "கோழியும் பாசஞ்சர்தானய்யா!" என்பார்.

ஒருநாள் பாதி ஏணியில் "ஐயோ!" என்று நின்றுவிட்டார். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கி, மேலே எலும்பு துருத்தி, விரல் மடங்க மறுத்தது. "ஏணி ஏற முடியலேன்னா ஷெட்டுல வாச்மேனா இருந்துக்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். திருச்சி டாக்டரோ, மூட்டுத் தேய்மானம், ஆபரேஷனுக்கு மூன்று வழி என்றாராம். மறுநாள் ஹோல்டான் பஸ் நடுவில் நின்றார்.

"மகாஜனங்களே! ஒண்ணு, துருத்துற எலும்பச் சீவுறது. வெரலு மடங்கும், ஆனா வலி மறுபடி வந்தாலும் வருமாம். அடுத்தது, ரெண்டு எலும்பையும் சேத்து ஒட்டிப்புடுறது. வலி போயிரும், வெரலு சென்மத்துக்கும் மடங்காது. மூணாவது, மூட்டுல கொஞ்சம் எலும்ப எடுத்துப்புடுறது. மடங்கும், ஆனா வெரலு குட்டையாகித் தொளதொளன்னு போயிருமாம். கையத் தூக்குங்க!"

"ஒட்டிப்புடுங்க தம்பி, வலி இல்லாம இருக்கலாம்ல" என்றார் வெற்றிலை விற்கும் ஆச்சி.

"ஒட்டிப்புட்டா எப்புடி ஆச்சி குந்துறது? காலைல கொல்லைக்குப் போக வேணாமா?" என்று கடலை வியாபாரி பாய்ந்தார்.

டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மூன்றாவதுக்குக் கை தூக்கினார். பஸ் ஒரு புளியமரத்தை விசாரித்துவிட்டுத் திரும்பியது. அந்த அமளியில் இறங்க வேண்டியவர்கள் மூன்று ஊர் தாண்டிப் போனார்கள். கடைசியில் ஒட்டுவதுதான் ஜெயித்தது. ஹோல்டான் தலையாட்டினார், முகம் மட்டும் வாடிவிட்டது.

ஆபரேஷனுக்குத் துணையாக நான்தான் திருச்சிக்குப் போனேன். கால் மரத்துப்போக ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, "ஹோல்டான்!" வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்கூட நின்றுவிட்டார்.

"நான் ஏணி ஏறணும் சார். வலி வந்தா வந்துட்டுப் போவுது. சீவி மட்டும் விடுங்க!"

டாக்டர் வாய்விட்டுச் சிரிப்பது வெளியே கேட்டது. "மூட்டுல பாதி நல்லாத்தான்யா இருக்கு. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். நீர்தான் எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சுன்னீர்!"

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய காலையில், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வெயிலில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒவ்வொரு படியாக விரலை மடக்கி ஊன்றி ஏறினார். உச்சியில் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். ஒட்டச் சொன்ன ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாழாப்போன தூசி" என்றார்.

பள்ளிக்கு அன்று ஒரு மணி நேரம் தாமதம். தலைமையாசிரியர் காரணம் கேட்டார். "எங்க கண்டக்டர் ஏணி ஏறிட்டாரு சார்" என்றேன்.