வடக்கு வாசலில் நில்

இத்தாலியில் என் மனைவியை ஒரு மணி பத்து நிமிடம் தொலைத்துவிட்டேன். 'தொலைஞ்சது நீங்கதான்' என்பது அவள் கட்சி. ஒரு மணி பத்து நிமிடம் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் தரச்சோதனை பார்ப்பவன். சூளையிலிருந்து வரும், மின்பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியரைத் தட்டிப் பார்த்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். (மழை பெய்த நேரம் உட்பட. இதுவரை யாரும் கேட்டதில்லை.) இப்படிப்பட்டவன் வழி தவறுவானா என்கிற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

நாலு வருடம் முன்பு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிவேதா, எனக்கும் கலாவுக்கும் பிளாரன்ஸ் நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தாள். "நடு ஊர்லயே ரூம் போட்டிருக்கேன்பா. பஸ்ஸு, டாக்ஸி எதுவும் வேணாம். எல்லாத்தையும் நடந்தே பாத்துடலாம்" என்றாள். அறை மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது, அறுபத்தெட்டுப் படி. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெருக்கோடியில், நேர் எதிரே, அந்த ஊரின் பெரிய தேவாலயம். வெள்ளையும் பச்சையுமாகப் பளிங்குச் சுவர், பின்னால் மலை மாதிரி ஒரு குவிமாடம்.

எங்கள் ஊரில் பெரிய கோயிலை வைத்துத்தான் திசை. சன்னதி கிழக்கே பார்த்திருக்கும். அங்கிருந்து மற்ற மூன்று திசையையும் குழந்தைகூடச் சொல்லும். பிளாரன்ஸில் முதல் நாள் வானம் மூடிக் கிடந்தது. தேவாலயத்தின் முகப்பைப் பார்த்தேன். அதுதான் கிழக்கு என்று முடிவு செய்து, எங்கள் தெருவுக்கு டைரியில் 'சன்னதி வீதி' என்று பெயரும் வைத்துவிட்டேன். மணிக்கூண்டு நிற்கும் பக்கம் 'வடக்கு வீதி'. அதற்கு எதிர்ப்பக்கம் 'தெற்கு வீதி'. (வாயில் நுழையாத தெருப் பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.)

பழைய தேவாலயங்களுக்குப் பெரும்பாலும் மேற்கே பார்த்துத்தான் முகப்பு வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் நான் எழுதிய கிழக்கெல்லாம் மேற்கு, வடக்கெல்லாம் தெற்கு.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. போன் வரைபடத்தில் ஆறு கீழ்ப்பக்கம் இருந்தது. என் கணக்குப்படி அது மேலே இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், சரியாகிவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு போய், நகைக்கடைகள் வரிசையாக உள்ள பழைய பாலத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். கூட்டம் போன வழியிலேயே போனதால் போய்ச் சேர்ந்தோம் என்பது இப்போது புரிகிறது.

இரண்டாம் நாள் காலை, கலா வழக்கம்போல் சூரியனைக் கும்பிட ஜன்னலைத் திறந்தாள். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது.

"ஏங்க, சூரியன் கோயிலுக்குப் பின்னாடியிலருந்து வருதுங்க."

நான் டைரியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இது ஐரோப்பா. இங்க கொஞ்சம் தள்ளித்தான் வரும்."

அவள் கும்பிட்டு முடித்தாள்.

மூன்றாம் நாள் கிளம்ப வேண்டிய நாள். ஒன்றேகால் மணி ரயிலைப் பிடித்தால்தான் மிலன் போய், அங்கே வரும் நிவேதாவைச் சந்தித்து, மறுநாள் விமானத்தில் ஊர் திரும்ப முடியும். மூட்டை கட்டி அறையில் வைத்துவிட்டு, தேவாலயத்தை வெளியிலிருந்து கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். பிக்பாக்கெட் பயத்தில் இரண்டு பாஸ்போர்ட், இரண்டு போன், அறைச் சாவி, பணம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு என் சட்டைக்குள் கட்டியிருந்தேன். கலாவிடம் இருந்தது ஒரு குடை.

"கூட்டத்துல தவறிட்டா வடக்கு வாசல்ல நில்லு. நான் வந்துடறேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள். எது வடக்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே.

முகப்புச் சிற்பங்களின் வரிசைகளை எண்ணி எழுதிவிட்டு நிமிர்ந்தேன். கலா இல்லை. மணி பதினொன்று ஐந்து.

பதற்றப்படாமல் மணிக்கூண்டுப் பக்கத்து வாசலுக்குப் போய் நின்றேன். பத்து நிமிடம் ஆனது. அரை மணி ஆனது. அவளுக்குப் போன் செய்தேன். என் வயிறு அதிர்ந்தது. அடுத்து மகளைக் கூப்பிட்டேன்.

"அப்பா! அம்மாவத் தொலைச்சிட்டீங்களா?"

"தொலைக்கலம்மா. வடக்கு வாசல்ல இருக்கணும்."

"இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அதுக்குப் பேரு என்னப்பா? மொதல்ல போலீஸ்கிட்ட போங்க!"

பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் நின்றார். போனில் கலாவின் படத்தைக் காட்டி, வடக்கு வாசலில் நிற்கச் சொன்னேன், வரவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அன்பாகக் கேட்டுவிட்டு, தேவாலயத்தின் மறுபக்கத்தைக் காட்டி, வடக்கு அங்கே என்றார். நான் மறுத்துத் தலையாட்டினேன். அவர் மறுபடியும் அங்கேயே காட்டினார். சொந்த ஊரில் வடக்கு எதுவென்று தெரியாமல் ஒருவர் போலீஸ் வேலை பார்ப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. காசில்லை, போனில்லை, மொழியில்லை, குடை மட்டும். சுற்றித் தேடலாம் என்று கிளம்பினேன். கோயிலைச் சுற்றுவதென்றால் வலமாகத்தானே சுற்ற வேண்டும்? கால் தானாக அப்படித்தான் போனது. முகப்பைக் கடந்து, போலீஸ்காரர் காட்டிய பக்கத்துக்கு வந்தேன். அங்கே அவள் இல்லை. பின்பக்கம் போனேன். இல்லை. மறுபடி மணிக்கூண்டு. இல்லை. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. வியர்வையில் சட்டைக்குள் பை நனைந்தது. கலா இல்லாமல் ஊரில் போய் இறங்கினால் அவள் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

நாலாவது சுற்றில், பின்பக்க வளைவில், எதிரே ஒரு குடை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டே கலா வந்தாள்.

"எங்கடி போன?" என்றேன்.

"நான் எங்க போனேன்? முக்கா மணி நேரம் வடக்கு வாசல்லதான் நின்னேன். நீங்க வரல. சரின்னு சுத்த ஆரம்பிச்சேன். மூணு சுத்து சுத்திட்டேங்க!"

"நானும் மூணு சுத்து சுத்தினேனே!"

"வலமாத்தானே?"

"பின்ன?"

"நானும் வலமா. அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீங்க. பிறவா வரம் வாங்கற வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்திருப்போம். இந்த மனுஷன் உசுரே போனாலும் இடமா சுத்தமாட்டாருன்னு தோணிச்சு. அதான் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நானே திரும்பி நடந்தேன்." பிறகு கையை நீட்டினாள். "மொதல்ல என் போனக் குடுங்க. பாஸ்போர்ட்டயும் குடுங்க."

மணி பன்னிரண்டே கால். அறுபத்தெட்டுப் படியும் ஏறி, மூட்டையோடு இறங்கி ஓடினோம். ஸ்டேஷன் போகும் திருப்பத்தில் நான் வலது பக்கம் கை காட்டினேன். அவள் நின்று, வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது பக்கம் நடந்தாள். ரயில் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் தெரு முழுக்க இதைச் சொல்லிவிட்டாள். போன மாதம் எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கக் கொத்தனார் வந்தார்.

"சார், எந்த மூலைல வைக்கறது?"

"தென்மேற்கு மூலை" என்று கையைக் காட்டினேன்.

அவர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரம் போய்க் கீழே எட்டிக் குரல் கொடுத்தார். "யக்கா! சார் இதைத் தென்மேற்குன்னு சொல்றாரு. வச்சிடலாமா?"

"இருங்கண்ணே, கை வேலையா இருக்கறேன். வந்து பாத்துட்டுச் சொல்றேன்!"

அவள் வரும்வரை கொத்தனார், இரண்டு ஆட்கள், தொட்டி, நான் எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். நான் காட்டிய மூலை சரிதான்.