தட்டில் வைத்த போன்

மேற்பிரிவு லயம்,
மடுல்கெல்ல.
வெள்ளிக்கிழமை.

கோத்தகிரியில் இருக்கும் என் தம்பி மருதமுத்துவுக்கு அண்ணன் ராஜரத்தினம் சொல்லி எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் காதைத் தவிர எல்லாரும் சுகமாக இருக்க முருகன் துணை. எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குப் போனில் பேசினால் கேட்காது. ஆகவே அடுத்த வீட்டு டிலானி டீச்சரை எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் மருமகள் போனுக்கு அனுப்புவாள். நீ அஞ்சாம் வகுப்பு வரை போனவன், உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை.

உன் பேரன் ஜனகன் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தான். கண்டி டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினவன் கையில் ஒரு பை, ஒரு போன், அவ்வளவுதான். "சல்லி மாத்தினியாப்பா" என்றேன். "இப்ப யாரு தாத்தா நோட்டைத் தூக்கிட்டுத் திரியிறா, எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்று போனைத் தட்டிக் காட்டினான். பிளேன் இறங்கிய கட்டுநாயக்காவிலிருந்து வந்த பஸ்ஸுக்கும் இதைத்தான் காட்டினாயா, கண்டக்டர் நோட்டைத் தவிர எதையும் தொடமாட்டானே என்று கேட்டேன். "அதெல்லாம் வந்துட்டேன் தாத்தா" என்றான். சரி, நான் எதைக் கண்டேன். பிறகு ஒரு கடையில் பிளேன்டீயும் ரோல்ஸும் சாப்பிட்டோம். மேசையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டம் போட்ட காகிதத்துக்கு நேரே போனைப் பிடித்தான். முதலாளி தலையை ஆட்டினார், நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தம்பி, 1974இல் தலைமன்னாரில் உன் ஒரு தகரப்பெட்டி கப்பல் ஏற ஏழு பேர் முத்திரை குத்தினார்கள், ஏழு பேர் முகமும் எனக்கு இன்னும் ஞாபகம். இவன் காசு யாரையும் கேட்காமல் கடலைத் தாண்டி வந்துவிட்டது, ரோல்ஸ் ஆறுவதற்குள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. திங்கட்கிழமை தெல்தெனியவுக்கு, ரவிகுமார் மகள் அஷ்வினியை இவனுக்கு உறுதி பண்ணப் போனோம். நம் பக்கத்துக்குப் பெரிய ஆள் நான்தான். அவர்கள் பக்கத்துக்கு ரவிகுமாரின் அக்கா அங்கம்மா, எங்கள் தோட்டத்தில் கங்காணியையே நடுங்க வைத்தவள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, சேலை எல்லாம் வைத்தாயிற்று, பெண்ணுக்கு நாம் வைக்கிற பரியப் பணத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. நல்ல நேரம் முடிய நாலு நிமிடம். "பணம் எங்கடா" என்று காதில் கேட்டேன். "இதுக்குள்ளதான் தாத்தா இருக்கு, ரவிகுமார் மாமாவோட நம்பரைக் கேளுங்க, இப்பவே போட்டுர்றேன்" என்றான். அங்கம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம்பர் கேட்டுச் செய்கிற சடங்கு எங்கேயும் உண்டா? பணம் அதற்குள் இருக்கிறது என்றால் அதை வைக்க வேண்டியதுதானே என்று நான்தான் போனைப் பிடுங்கி வெற்றிலை மேல் வைத்துத் தட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். தட்டு மாறியது. எல்லாரும் சிரித்தார்கள். அங்கம்மா சிரிக்கவில்லை. போனைக் கண்ணில் ஒற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி அலுமாரிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, அந்தப் போனைக் கொஞ்சம் என்று இழுத்தேன். "என்னண்ணே பேசுறீங்க" என்றாள் அங்கம்மா. "தட்டுல வந்தது தாலி ஏறுற வரைக்கும் படி தாண்டக் கூடாது. திருப்பிக் கேட்டா சம்பந்தம் வேணாம்னுதான் அர்த்தம். வேணாமா?" நான் வேணும் வேணும் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இப்போது யோசித்துப் பார். வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பிளேன். டிக்கெட் அதற்குள், காசு அதற்குள். கேட்டால் கல்யாணம் போகிறது, கேட்காவிட்டால் பிள்ளை ஊர் போக முடியாது. நான் எப்படித் தூங்குவேன்?

இதற்கு நடுவில் அக்குறணையில் பஹீம் முதலாளி கடையில் கல்யாணச் சேலை எடுத்து, காசு கொடுக்காமல் வைத்திருக்கிறோம். சங்கதியைச் சொன்னதும் அந்த மனுஷன் கட்டம் போட்ட பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் தந்தார். "போன் வர ஏலாட்டி பலகை போகட்டும் ஐயா" என்றார். அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நான் இவனோடு வத்தேகமவுக்கு ஒரு பஸ், திகனவுக்கு ஒரு பஸ், தெல்தெனியவுக்கு ஒரு பஸ் ஏறினேன். ஏதோ சாமி படம் என்று நினைத்து ஒரு சிங்கள அம்மா எழுந்து இடம் கொடுத்தாள். நான் மறுக்கவில்லை.

அங்கே போனால் போனின் கண் மேலேயே அங்கம்மா பொட்டு வைத்திருக்கிறாள், பலகை அதற்குத் தெரியவில்லை. அஷ்வினி தாவணித் தலைப்பால் துடைத்தாள். பிறகு சிக்னல் இல்லையாம். கொய்யா மரத்தடியில்தான் இருக்கிறதாம். போன் படி தாண்டக் கூடாதே என்றால், கொய்யா மரமும் வாசல் கேட்டுக்கு உள்ளேதான் என்று அஷ்வினியே அத்தையிடம் வாதாடினாள். அவள் பலகையைப் பிடிக்க, இவன் போனைப் பிடிக்க, ஒரு சேலைக்குக் காசு போக ஒன்றரை மணி நேரம். ரவிகுமார் கதிரையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் ரவிகுமாரைப் பார்க்கிறேன். கடைசியில் வந்து, "காசு பாதி வழில நிக்குது தாத்தா, நாளைக்கு வரணும்" என்றான். பாதி வழி என்றால் எங்கே, கடலிலா? செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இதே கூத்து. இன்று என் முழங்கால் மாட்டேன் என்றதால் பலகையோடு தனியாகப் போயிருக்கிறான்.

உன் மறதிதான் பேரனுக்கு வந்திருக்கிறது, காசு எடுத்து வர மறந்திருக்கிறான். 1973 மாசியில் ரங்கலைத் தோட்டத்துக்குப் பெண் பார்க்கப் போய் நீ குடையை விட்டுவிட்டு வரவில்லையா? அதை எடுக்க நாலு தடவை நடந்து போய், நாலு தடவையும் மறந்துவிட்டு வந்தவன்தானே நீ?

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அங்கம்மாவுக்கு உன் கைப்பட நாலு வரி எழுதி அனுப்பு. சம்பந்தம் உறுதி, போன் மட்டும் வேண்டும் என்று பணிவாக எழுது. நீ சொன்னால் கேட்பாள், சின்னதில் அவளுக்குக் கொழுந்துக் கூடை தூக்கிக் கொடுத்தவன் நீ. வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னதுகளுக்கு ஆசீர்வாதம், உன் காதுக்கு நல்லெண்ணெய் வேண்டாம், டாக்டரிடம் போ.

இப்படிக்கு,
உன் அண்ணன் ராஜரத்தினம் (பெருவிரல் ரேகை)

பி.கு: டிலானி படம் பிடிக்கப் போனாள், நிறுத்தச் சொன்னேன். அவன் கழற்றிப் போட்ட களிசானைத் தண்ணீரில் நனைக்கப் போகும்போது அதன் பையில் கனமாக ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் நம் நாட்டு நோட்டுக் கட்டு, இரண்டு பரியத்துக்குப் போதும். கூடவே பிளேன் இறங்கிய இடத்தில் காசு மாற்றின துண்டுச் சீட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தேதி என்று டிலானி வாசித்தாள். "பலகையை ஒரு படம் பிடிச்சு அனுப்பியிருந்தாலே போதுமே தாத்தா" என்றும் இப்போதுதான் சொல்கிறாள். நோட்டை இருந்த பையிலேயே வைத்துக் களிசானைக் கொடியில் போட்டுவிட்டேன். அங்கம்மாவுக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். திங்கட்கிழமை வரை நானே பலகையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறேன், அதன் பிறகு போனை நானே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. 1973 மாசியில் மடுல்கெல்லையில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. நீ ஏன் குடை கொண்டுபோனாய் என்று ஐம்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது.