பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைக்கும்

இல்லறத்தின் இலக்கணத்தை மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேடி வந்திருக்கிறது. ஞானிகள் குகையில் தேடினார்கள், கவிஞர்கள் நிலவில் தேடினார்கள். அது ஒரு காய்ந்த மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்த பெருமை என் கணவரையே சேரும்.

இவர் ஒரு பெரிய நிறுவனத்தில் 'உறவு மேம்பாட்டு'த் துறையின் துணை மேலாளர். ஊழியர்களுக்கு நிர்வாகத்தின் மேல் அன்பு குறையும்போதெல்லாம் அதை எடுத்து ஊட்டுவது இவர் பொறுப்பு. அதற்காக ஒரு மலையூரில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனவர், திரும்பி வரும்போது பச்சைக் குழந்தையைப் போல ஒரு கிளையை ஏந்தி வந்தார். அதில் சாம்பலும் பச்சையுமாக ஏதோ தொங்கியது.

"என்னங்க இது, யாரோட தாடி?"

"தாடியாம் தாடி! இது உஸ்னியா. லைக்கன்ல ஒரு வகை. கைய கழுவிட்டு வந்து தொடு."

கழுவிவிட்டு வந்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாக்கத்தான் ஒண்ணு. உண்மையில இது ரெண்டு உயிர். ஒரு பூஞ்சை, ஒரு பாசி. பூஞ்சை வீடு கட்டிக் குடுக்கும். பாசி அதுக்குள்ள உக்காந்து வெளிச்சத்த வச்சு சமைக்கும். ரெண்டும் சாப்பிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாரு!"

"பாசி சமைக்கிறப்போ பூஞ்சை என்னங்க பண்ணும்?"

"அதான் சொன்னேனே. வீடா இருக்கும்."

சோபாவில் வீடாகச் சாய்ந்திருந்த இவரைப் பார்த்தேன். உவமை கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த வாரமே அலுவலகத்தில் 'லைக்கன் வழி' தொடங்கிவைக்கப்பட்டது. நிர்வாகம் பூஞ்சை, ஊழியர்கள் பாசி என்று 'ஒருமனதாக' முடிவாயிற்று. பாசிகள் எல்லோருக்கும் பச்சை நிற பேட்ஜ் கொடுத்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பாசி எழுந்து, "சார், சம்பள உயர்வு?" என்று கேட்டதாம்.

"இந்த உஸ்னியா வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு" என்றாராம் இவர். "இயற்கைக்கு இல்லாத அவசரம் உங்களுக்கு எதுக்கு?"

நிர்வாக இயக்குநர் உருகிப்போனார். வரப்போகும் வெள்ளி விழாவில் அந்தக் கிளையையே மேடையில் வைத்து இவரைப் பேசச் சொன்னார். பேச்சு நன்றாக அமைந்தால் 'துணை' உதிர்ந்து, மேலாளர் மட்டும் மிஞ்சுவார் என்று ஒரு பேச்சு.

அதே வாரம் எனக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இவர் முகாமுக்குப் போய்வந்த அதே மலையூரில் புதிதாக ஒரு கூடம் திறக்கிறார்கள். தலைமைப் பொறுப்பு எனக்கு. மாத முடிவுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மகளும் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், தடையொன்றும் இல்லை என்று இவரிடம் சொன்னேன்.

இவர் உஸ்னியாவில் ஓர் இழையைப் பிடித்து மெல்ல இழுத்தார். மேல்தோல் விண்டு, உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு தெரிந்தது. அது ரப்பர் போல நீண்டது.

"பாத்தியா? இழுத்தாலும் உள் நரம்பு விட்டுக்குடுக்காது. இதான் குடும்பம். பாசி பாட்டுக்குக் கிளம்பிட்டா பூஞ்சை கதி என்ன?"

"பாசி கதி என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அதுக்கென்ன, அதான் வீடு இருக்கே!"

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் டிப்போவுக்கு நேர் எதிரே, மாடியில் இருக்கிறது. இவர் அலுவலகத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் பிடித்த வீடு. தினமும் விடியும் முன்பே எதிரே பஸ்களெல்லாம் வரிசையாக நின்று உறுமி, கரும்புகை கக்கி, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். குடிவந்த பதினெட்டு வருடங்களாக நான் இருமுகிறேன். இவர் கவனிக்காமல் விட்டதாக யாரும் சொல்ல முடியாது. நான் இருமினால் ஜன்னலைச் சாத்துவார். மேலும் இருமினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இரண்டு ஒலிகளுக்கு இடையே சமநிலை காண்பதும் உறவு மேம்பாடுதானே!

உஸ்னியாவுக்கு ஜன்னலோரம் அரியாசனம் கிடைத்தது. மணிக்கொரு தரம் இவர் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தார். எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து டானிக்கைக் கரைத்து ஊற்றினார். கொசுவத்தி தடை செய்யப்பட்டது, எண்ணெயில் வதக்குவது தடை செய்யப்பட்டது. இத்தனை உபசாரத்துக்கும் அது நன்றி காட்டவில்லை. வெளிறியது. நுனி பழுத்தது. பிறகு இழை இழையாகத் தரையில் உதிர்ந்தது.

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் என் தங்கைக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அத்தான், அதுக்கு எத்தனை தடவை தண்ணி தெளிக்கிறீங்க?"

"மணிக்கு ஒரு தடவை. டானிக் தனி."

"கெட்டுது போங்க! அது நனையணும், காயணும், மறுபடி நனையணும். எந்நேரமும் ஊறப்போட்டா அழுகத்தான் செய்யும். கவனிச்சே கொல்றதுன்னா இதுதான். சரி, ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?"

"தெரியாதா உனக்கு? டிப்போ."

"தெரியும், உங்க வாயால சொல்லட்டும்னுதான் கேட்டேன். அதுக்கு வேர் கிடையாது அத்தான். காத்துல வர்றதத்தான் சாப்பிடும், நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது. புகையெல்லாம் உள்ள போய் அப்படியே தங்கிடும். அது மூச்சு முட்டிச் செத்துட்டிருக்கு."

இவர் முகம் இருண்டது. பாய்ந்து போய் ஜன்னலைத் திறந்து, எதிரே எஞ்சினை ஓடவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், வண்டிய நிறுத்துய்யா! இங்க ஒரு உயிர் மூச்சுவிட முடியாமத் தவிக்குது!"

திறந்த ஜன்னல் வழியே புகை வந்தது. எனக்கு இருமல் வந்தது.

இவர் சட்டென்று திரும்பினார். "கொஞ்சம் அந்தப் பக்கம் போய் இருமேன்மா. அது மேல படுதில்ல?"

போனில் தங்கையின் குரல் திடீரென்று மிகவும் மரியாதையாக ஒலித்தது.

"அத்தான், ஒரே வழிதான். புகையில்லாத ஊரு, மூடுபனி இறங்கற ஊரு, அங்க கொண்டுபோய் வையுங்க. இல்லன்னா உங்க வெள்ளி விழாவுல வெறும் விறகுதான் மேடையில நிக்கும்."

"மலையூர்ல யாராவது ஆள் பிடிச்சு விட்டுடலாமா?"

"அய்யய்யோ, ஆள் மாறினா ஒத்துக்காது. பழகின மூச்சு பக்கத்துலயே இருக்கணும்."

தாவரவியலில் அப்படியொரு விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. படித்துப் பட்டம் வாங்கியவள் சொல்கிறாள், குறுக்கே பேசுவது அழகல்ல என்று வாயை மூடிக்கொண்டேன்.

உடனே ஹாலில் 'அவசரக் கூட்டம்' கூடியது. வந்திருந்தோர்: இவர், நான். மறைந்துகொண்டிருந்தது: உஸ்னியா. நிறுவனத்தின் நலன் கருதி என்னை மலையூருக்கு அனுப்புவதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"உனக்குக்கூட அங்க ஏதோ வேலை வந்திருக்குன்னு சொன்னியே. போறதுதான் போற, அதையும் ஒரு கை பாத்துக்க."

"பாசியும் பூஞ்சையும் பிரியக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"அது குடும்ப விஷயம். இது ஆபீஸ் விஷயம்."

இப்படியாக, என் பதவி உயர்வு ஒரு தாடியின் சிபாரிசில் எனக்குக் கிடைத்தது.

மலையூரில் என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். கிளையை அதில் கட்டிவிட்டு மறந்துவிட்டேன். உஸ்னியா பராமரிப்பில் இதைவிட உயர்ந்த முறை கிடையாதாம். காலையில் மூடுபனி வந்து நனைத்தது, மதியத்தில் காற்று வந்து உலர்த்தியது. மெல்ல அதற்குப் பச்சை திரும்பியது. நான் பகலெல்லாம் குடிநீரைச் சோதித்தேன், இரவெல்லாம் தூங்கினேன். இவர் தவறாமல் போன் செய்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேங்க."

"நீ இல்ல, அது."

"அதுவும்தான். நீங்க சாப்பிட்டீங்களா?"

"குக்கர் ஏன் விசிலே அடிக்க மாட்டேங்குது?"

விழாவுக்கு முந்தைய வாரம் இவரே நேரில் வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, கன்னத்தில் சதை இல்லை. சவரம் செய்ய மறந்திருந்தார். இவரும் உஸ்னியாவும் முகத்தோடு முகம் வைத்து நின்றபோது ஒரு கணம் எனக்கே குழப்பமாக இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அதன் பச்சையைக் கண்டு இவர் கண் கலங்கிவிட்டது.

உள்ளே வந்து காப்பி குடித்தார். சுற்றிலும் பார்த்தார்.

"இந்த வீட்ல என்னமோ குறையுதே. ஏதோ ஒரு சத்தம். ஃபேனா?"

"இங்க ஃபேனே தேவையில்லீங்க."

"இல்லல்ல, வேற ஏதோ. நம்ம வீட்ல எப்பவும் கேக்குமே..."

"என் இருமல்."

"ஆங், அதேதான்!" புதிரை விடுவித்த மகிழ்ச்சியில் தொடையைத் தட்டினார். "சரி, கிளம்பு. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

மரத்திலிருந்து கிளையில் பாதியை மட்டும் வெட்டி வந்து இவர் கையில் கொடுத்தேன்.

"நீ?"

"தங்கச்சி ஒண்ணு சொன்னா. ஆராய்ச்சிக்கூடத்துல பாசியையும் பூஞ்சையையும் பிரிச்சு, தனித்தனித் தட்டுல வச்சுப் பாத்திருக்காங்களாம். தனியா விட்ட பாசி, சேந்திருந்ததவிட வேகமா வளந்துச்சாம்."

"பூஞ்சை?"

"அதுக்குத் தாடியும் வரல, கிளையும் வரலயாம். உருண்டையாச் சும்மா உக்காந்திருந்துச்சாம்."

"அப்போ அது கட்டற வீடு?"

"பாசி உள்ள இருந்தாத்தாங்க அது வீடு. நீங்க லீவு கிடைச்சா இங்க வாங்க. காத்து நல்லாருக்கு. உங்களுக்கு சமைக்கவும் கத்துத் தரேன்."

இல்லறத்தின் இலக்கணத்தையே கண்டவர் ஆயிற்றே, நெடுநேரம் யோசித்தார். நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது. இதோ கேட்கப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். வாசல்படி வரை போனவர், கிளையை நெஞ்சோடு அணைத்தபடி கவலையோடு திரும்பிப் பார்த்துக் கேட்டும்விட்டார்.

"டிப்போ புகை வராம ஜன்னலச் சாத்தி வச்சா, விழா வரைக்கும் இது தாங்குமில்ல?"

"தாங்கும் தாங்கும்" என்றேன். "பதினெட்டு வருஷம் நான் தாங்கலையா?"