கேமராவுக்குக் கண்ணாடி போட்ட தண்ணி மாமு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ‘தண்ணி’ என்று பட்டப்பெயர் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களில் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர் எங்கள் தண்ணி மாமு ஒருவர்தான். கடலுக்குள் மூழ்கி, கப்பலின் அடிப்பாகத்தைப் படம் பிடித்துத் தருவது அவர் பிழைப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராயபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். ஒருநாள் மாமு ஓர் அலுமினியப் பெட்டியை மேஜையில் தொம்மென்று வைத்தார்.

“நைனா, இவனுக்குக் கண்ணு செரியா தெரியல. பவர் பாத்துக் குடு.”

“யாருக்கு மாமு?”

“உள்ள கீறானே கேமரா, அவனுக்குத்தான்!”

பெட்டியின் முகப்பில் முதலில் தட்டைக் கண்ணாடிதான் வைத்திருந்தாராம். தண்ணீருக்குள் அது எதையும் கிட்டத்தில் இருப்பதுபோல் பெரிதாக்கிவிடும். மாமு கணக்குப்படி, எட்டணா அளவு துரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்து, கப்பல்காரர்கள் அலறிவிட்டார்கள். அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் போட்டால் அந்த அகலமும் குறைந்து, ஓரமெல்லாம் கலங்கியது. துறைமுகத் தண்ணீரோ டீ டிகாஷன். தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. ஒட்டிப்போய், அகலமாகத்தான் எடுக்க வேண்டும்.

மாமு சும்மா இருப்பாரா? பழைய கப்பல் சாமான் கடையில் திசைகாட்டியின் அரைக்கோளக் கண்ணாடியை வாங்கிப் பெட்டியில் பொருத்திவிட்டார். அகலம் திரும்பி வந்தது. புதுத் தொல்லையும் கூடவே வந்தது. தண்ணீருக்குள் அந்தக் கிண்ணத்தின் வழியே பார்த்தால், தூரத்துப் பொருளின் பிம்பம்கூடக் கேமராவின் மூக்கு நுனியில் வந்து நிற்கும். அவ்வளவு கிட்டத்தில் பார்க்க அந்த லென்ஸுக்கு வரவில்லை, நாற்பது தாண்டியவர்களுக்குப் பேப்பர் படிக்க வராததுபோல.

“இந்த வாட்டியும் மங்கலா வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்னு காண்ட்ராக்டர் சொல்ட்டாரு நைனா” என்றபோது மட்டும் மாமுவின் குரல் இறங்கியது.

கடை வாசலில் நீல டிரம்மை நிரப்பினோம். கண் பரிசோதிக்கும் எங்கள் எழுத்துப் பலகைக்குப் பாலிதீன் உறை மாட்டி உள்ளே இறக்கினோம். மாமு பெட்டியை அமுக்கி, பின்பக்க ஜன்னலில் கண்ணை வைத்தார்.

“ப்ளஸ் ரெண்டு?”

“பொகையா கீது.”

பெட்டியைத் தூக்கி, லுங்கியால் துடைத்து, திறந்து, கேமராவின் லென்ஸுக்கு முன்னால் வைத்த பவர் வில்லையை மாற்றினோம்.

“மூணு?”

“தேவல.”

தெருவே கூடிவிட்டது. ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, “இன்னா மாமு, மீனுக்குக் கண்ணாடி போட்டுகினு கீறியா?” என்றார்.

“நாலு?”

“ஏபிசிடி அல்லாம் பளிச்சுனு கீது நைனா!”

அடுத்த வாரம் மாமுவின் மனைவி அஞ்சலையக்கா, காசிமேட்டில் மீன் விற்பவர், அவரை முன்னால் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் படங்களின் கட்டு.

“நீயே கேளு தம்பி! கப்பலப் படம் புடிடான்னு அனுப்சா, மீனப் படம் புடிச்சாந்துக்கீது இந்த ஆளு. வூட்ல மீனுக்கா பஞ்சம்?”

ஒரு ரோல் பிலிமில் கப்பலைத் தள்ளும் அடி விசிறி ஒரே ஒரு படம். மீதியெல்லாம் கப்பலடியில் பாசி மேயும் மடவை மீன்கள். நல்ல வேளை, அந்த ஒற்றைப் படத்தில் விசிறியின் கீறல்கூடத் துல்லியம். காண்ட்ராக்டர் திட்டிக்கொண்டே வேலையில் வைத்துக்கொண்டாராம்.

திட்டியபடியே படங்களை எனக்குக் காட்டிக்கொண்டிருந்த அக்கா, நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

“இம்மா வருசமா மடவா விக்கிறேன். உசுரோட இது இப்டி வாயத் தொறந்துகினு மேயறத இப்பத்தான்யா பாக்கறேன்.”

மாமு தரையைப் பார்த்தார். “நீ பாத்ததே இல்லியேன்னுதான்...”

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். மறுபடி முதல் படத்தை எடுத்து, “இது இன்னா பண்ணுது?” என்று கேட்டார். மாமு பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். கடையை அடைத்துவிட்டு நான் சாப்பிடப் போகும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. ஷட்டரை இறக்க எனக்கு மனசு வரவில்லை.