ஐந்து வைரசும் ஒரு ஜீப்பும்

பக்கத்து வீட்டு ரசூலின் ஜீப்பை என் வாசலிலிருந்து கிளப்பாமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். லேசுப்பட்ட சபதம் இல்லை. காப்பி டம்ளரை ணங்கென்று வைத்து எடுத்த சபதம்.

நியாயத்தைக் கேளுங்கள். ரசூல் விடியற்காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகிறவர். போகட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அவருடைய ஜீப்புதான் எனக்குக் குறுக்கே நிற்கிறது. பொழுது சாய்ந்து திரும்பி வந்தால் அதன் பின்பாதி என் கேட்டை அடைத்துக்கொண்டிருக்கும். நான் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, ஸ்கூட்டரைச் சாய்த்து, பாம்பு வளையிலிருந்து வருவதுபோல வெளியே வரவேண்டும். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சூப்பர்வைசர் நான். சல்லடையில் ஒரு பொக்கு ஏலக்காயைத் தப்பவிடாதவன், முழு ஜீப்பை விடுவேனா?

"தேனி குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கப் போறேன்," என்று மனைவியிடம் அறிவித்தேன்.

சந்திரவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுக்குங்க மனு? 'தம்பி, கொஞ்சம் தள்ளி விடப்பா'ன்னு சொன்னா விட்டுட்டுப் போறாரு. மனு எழுதுறவரு மொதல்ல மனுசன்கிட்டப் பேசிப் பாருங்க."

"கெஞ்சச் சொல்றியா? இது உரிமைப் பிரச்சினை!"

"அப்ப தெருவிளக்கு மாதிரிதான்."

எனக்குச் சுருக்கென்றது. தெருவிளக்கு வேண்டும் என்று முன்பு ஒரு மனு கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். என் 'ளகரம்' கொஞ்சம் 'லகரம்' மாதிரி இருக்குமாம். நான் விளக்கு கேட்டதை அவர்கள் ரோடு பிரிகிற விலக்கு என்று படித்துவிட்டு, 'தங்கள் தெருவில் விலக்கு ஏதும் இல்லாததால் பஸ் நிறுத்த இயலாது' என்று பதில் அனுப்பினார்கள். அந்த அவமானம் இன்னொரு தரம் வேண்டாம் என்றுதான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

மகள் கலையரசி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது பித்தளை அண்டாவைக்கூடத் தூக்கிக்கொண்டு போனவள், இதை மட்டும் "நீங்களே வச்சுக்கங்கப்பா" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாள். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், துவட்டி முடிக்கும்போது திரை வெளுக்கும்.

'பெறுநர்' என்று அடித்தேன்.

டிங்!

திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி முளைத்தது. 'அபாயம்! உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்!'

மூடினேன். 'ஐயா' என்று அடித்தேன். டிங்! மூடினேன். 'வணக்கம்' என்பதற்குள் டிங், டிங், டிங்! வணக்கத்துக்கு நடுவில் புகுந்து அபாயம் சொல்வது என்ன நாகரிகம்?

"வல்லி! இதுல நீ என்னத்தப் பாத்துத் தொலச்ச?"

"நானா?"

"சீரியலு, கோலம், மீன்கொழம்பு! அந்த வழியாத்தான் வைரஸு உள்ள வந்திருக்கு. இனிமே நீ இதைத் தொடப்படாது!"

"சரிங்க."

பாருங்கள், அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரே பேச்சில் 'சரி' சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"இதுக்குன்னே ஆன்ட்டி வைரஸுன்னு ஒண்ணு இருக்கு. புதுசா ஒண்ணக் கொண்டாந்து போடுறேன் பாரு."

"இந்த வீட்டுக்கு ஒரு ஆன்ட்டி பத்தாதாக்கும்?"

ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் இருந்த ஆன்ட்டி வைரசை முதலில் ஓடவிட்டேன். அது மூலை முடுக்கெல்லாம் துழாவிவிட்டு, 'வைரஸ் எதுவும் இல்லை' என்றது. அந்த வரியை நான் படித்து முடிப்பதற்குள் டிங்! 'ஐந்து வைரஸ்!' ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டு ஒருத்தன் இல்லை என்கிறான், ஒருத்தன் ஐந்து என்கிறான். வீட்டுக்காரன் யாரை நம்புவது?

இரண்டாவதாக இன்னொரு ஆன்ட்டி வைரசை இறக்கினேன். முதலாவது, வந்தவனைத் திருடன் என்றது. வந்தவன், இருந்தவனைத் திருடன் என்றான். இரண்டும் கட்டிப்புரண்டதில் கம்ப்யூட்டர், கொண்டை ஊசி வளைவில் லோடு லாரி மாதிரி முக்கி முனகி நின்றேவிட்டது. திரும்ப உயிர் வந்ததும் முதல் சத்தம் என்ன தெரியுமா? டிங்!

அத்தோடு விட்டேனா? இரண்டையும் பிடுங்கி எறிந்தேன். பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினேன். உள்ளே குடியிருந்த பல்லியைக் குடும்பத்தோடு காலி செய்தேன். மாட்டிப் போட்டேன். டிங்! எவனோ முகம் தெரியாதவன் என் வீட்டில், என் கரண்டில், என்னையே மிரட்டுகிறான்! திங்கட்கிழமை வரும், போகும். கூட்டம் நடக்கும், கலையும். என் மனு மட்டும் 'ஐயா, வணக்கம்' என்று கும்பிட்டபடியே நின்றது.

இதில் சந்திரவல்லி காட்டிய கரிசனம் இருக்கிறதே!

"கண்ணு வலிக்கப் போகுதுங்க. இந்தாங்க சுக்குக் காப்பி."

"இந்த வாரமும் மனு போகாது போலிருக்கே!"

"இது என்ன வெரசா முடியிற சோலியா? பதறாமப் பாருங்க. வாழக்கா பஜ்ஜி போடவா?"

பஜ்ஜி! கேட்காமல் பஜ்ஜி! என் போராட்டத்தின் அருமை அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசூலின் மனைவி கமர்நிசா, மூடிய தட்டில் பிரியாணி கொண்டு வந்தாள். நான் விறைப்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூக்கு திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து டிங்!

"என்னண்ணே, இன்னுமா இந்தச் சனியன் அடிக்குது?"

"இன்னுமான்னா?"

"எங்க வீட்டுலயும் வந்துச்சு. நான்தான் நிப்பாட்டுனேன். அது வைரஸே இல்லண்ணே. ஏதோ ஒரு வெப்சைட்டு அனுப்புற வெத்து மிரட்டலு. இப்பிடிச் செய்யணும், இங்கன அமுக்கணும்னு அக்காகிட்ட அப்பவே சொல்லிக் குடுத்தேனே!"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பிரியாணித் தட்டைப் பார்த்தாள்.

"அது எப்பிடி வீட்டுக்குள்ள வந்துச்சு?" என்று கர்ஜித்தேன். "யாரு விட்டது?"

"தானா வராதுண்ணே. 'நீங்க ரோபோ இல்லன்னா, அனுமதின்னு அமுக்குங்க'ன்னு கேக்கும். வெவரந்தெரியாத யாராச்சும் அமுக்கிருப்பாங்க. அத்தோட வந்து ஒக்காந்துக்கும்."

நான் கர்ஜனையை விழுங்கினேன். 'மனு எழுதுவது எப்படி' என்று தேடியபோது ஒரு பக்கம் என்னைப் பார்த்து, நீ ரோபோவா என்று கேட்டது உண்மை. யாரைப் பார்த்துக் கேட்கிறாய் என்று கொதித்துப்போய் ஓங்கி அமுக்கியதும் உண்மை.

கமர்நிசா போனதும் சந்திரவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். செட்டிங்ஸுக்குள் போனாள். நோட்டிபிகேசன் என்ற இடத்துக்குப் போனாள். அனுமதி வாங்கியவன் பெயர் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நீக்கினாள். எழுந்து போனாள். நான் பல்லியைக்கூட விடாமல் பட்ட பாடெல்லாம் ஒரு பெருமூச்சு நேரத்தில் முடிந்துபோனது.

"தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா இருந்த?"

"நீங்கதான தொடப்படாதுன்னு சொன்னீங்க?"

"வாயால சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா மனுவ அடிச்சிருப்பீங்க. அந்தக் கமர்நிசா மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?"

துரோகம்! பஜ்ஜியில் பொரித்தெடுத்த துரோகம்! "இப்ப அடிக்கிறேன் பாரு!" என்று உட்கார்ந்தேன். டிங் இல்லை. விரல்கள் பறந்தன. 'என் வீட்டு வாசலை மறித்து நிறுத்தப்படும் ஜீப்பை உடனடியாக...'

வெளியே ஹாரன் சத்தம். "அண்ணே!" என்று ரசூலின் குரல்.

வரட்டும். நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். ரசூல் ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒங்க மனசு யாருக்கும் வராதுண்ணே! வாசல்ல நிறுத்துனா எல்லாருக்கும் எடைஞ்சல், நம்ம காம்பவுண்டுக்குள்ளயே விட்டுக்கன்னு சொன்னீங்களாம்ல? மதினி இப்பத்தான் போன்ல சொன்னாங்க. அதான் கையோட வந்துட்டேன்."

கைகள் அவரிடம் மாட்டியிருந்ததால் தலையை மட்டும் திருப்பினேன். நிலைப்படியில் சந்திரவல்லி.

"யாரைக் கேட்டு அனுமதி குடுத்த?" என்று பல்லைக் கடித்தேன்.

"மொகம் தெரியாத எவனுக்கோ நீங்க குடுத்தீங்க. ரசூல் தம்பி நமக்குத் தெரிஞ்ச ஆளுதான? வாசலும் ஒழிஞ்சுச்சு. வெரசாக் கேட்டைத் தொறங்க, பாவம் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

ரசூல் கண்கலங்க நிற்கிறார். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கேட்டைத் திறந்தேன். "வரட்டும், வரட்டும், ஒடிச்சு விடுங்க" என்று கைகூடக் காட்டினேன்.

சபதம் நிறைவேறிவிட்டது. வாசலில் இப்போது ஜீப்பு நிற்பதில்லை. உள்ளே இடமில்லாததால் என் ஸ்கூட்டர்தான் நிற்கிறது.