கோங் குருவின் மிச்சக்கிருமித் தொட்டி

வூஹான் நகரின் ஹான்கோ பகுதியில் ஒரு சந்து. சந்து முனையில் ஒரு கடை. அந்தக் கடை வாசலில் தொடங்கிய வரிசை எள் நூடுல்ஸ் கடையைத் தாண்டி, சவரக் கடையைச் சுற்றி, பொதுக் கழிப்பறை வாசல்வரை நீண்டிருந்தது. கடைசியில் நின்றவர்கள், தாங்கள் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொண்டார்கள்.

வூஹான் மக்கள் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு, அப்போதுதான் வெளியே தலைகாட்டியிருந்தார்கள். வந்ததும் வராததுமாக நெருக்கியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எதற்கு? கிருமியை விரட்டுவதற்கு. சிரிக்காதீர்கள், உங்கள் ஊரிலும் நின்றிருப்பார்கள்.

உள்ளே இருந்தவர் கோங் குரு. போன வருஷம்வரை அதே கடையில் பாதம் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னால் கைப்பேசி உறை விற்றார். ஊருக்கு நோய் வந்தது, அவருக்கு ஞானம் வந்தது. மருத்துவமனைக்காரர்கள் கிருமியை நுரையீரலிலிருந்து துரத்தத்தான் செய்வார்களாம். துரத்தினால் அது எங்கே போகும்? தண்ணீர் எங்கே ஓடுமோ அங்கேதான், கீழே. இறங்கி இறங்கிப் பாதத்தில் போய்ப் பதுங்கிக்கொள்ளுமாம். மரம் வேரில் பட்டுப்போகும், மனிதன் பாதத்தில் தளர்ந்துபோவான் என்று நம்புகிற ஊர் அது. படுக்குமுன் வெந்நீரில் கால் வைக்காவிட்டால் பாதிப் பேருக்குத் தூக்கம் வராது. எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு கால்தொட்டி இருந்தது. கோங் அதற்குள் ஒரு கிருமியை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

வைத்தியம் எளிது. முழங்கால் உயர மரத்தொட்டியில் வெந்நீர். அதில் ஒரு கை மூலிகை உப்பு. பிறகு ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வயர் வரும், வயர் நுனியில் ஓர் இரும்புச் சுருள், அது தண்ணீருக்குள். ஆவியோடு கிருமி தப்பிவிடாதபடி, இடுப்பிலிருந்து தொட்டி விளிம்புவரை கனத்த துண்டைப் போர்த்தி மூடிவிடுவார்கள். பெட்டியின் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் சோயா சாஸ் மாதிரி ஆகிவிடும். "பாருங்க, மிச்சக்கிருமி" என்பார் குரு. எல்லாரும் பார்ப்பார்கள். படம் எடுத்துக் குடியிருப்பின் கைப்பேசிக் குழுவில் போடுவார்கள். அதில் போட்டி வேறு. என் தண்ணீர்தான் கறுப்பு என்று ஒருவர் பீற்றிக்கொள்ள, வெறும் தேநீர் நிறம் வந்தவர் வெட்கப்பட்டுப் படத்தை அழித்துவிட்டார்.

அந்த வரிசையில் லியாவ் சூசென் நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள், பொத்தான் கடை வைத்திருப்பவள். குளிர்காலத்தில் கொரோனாவில் படுத்துப் பிழைத்து எழுந்தவள். வீடு திரும்பிய பிறகு எடுத்த சோதனையில் கிருமி மறுபடியும் தெரிந்தது. கொண்டுபோய் விடுதியில் தனியே அடைத்துவைத்தார்கள். பிறகு இல்லை என்று வந்தது. டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

"மீன் தின்ன தட்டுல முள்ளு கிடக்கும்லம்மா, அது மாதிரிதான். உங்களுக்குத் தெரிஞ்சது செத்த கிருமியோட துணுக்கு. முள்ளு நீந்தாது. தைரியமா வீட்டுக்குப் போங்க."

முள் நீந்தாதுதான். வதந்தி நன்றாக நீந்தும். சூசென் வீடு வருமுன்பே அது வந்து சேர்ந்து, மாடிப்படிகளில் ஏறி, டெங் அக்கா வீட்டு மாஜாங் சூதாட்ட மேசையில் உட்கார்ந்துவிட்டது.

டெங் அக்கா அந்தக் குடியிருப்பின் மகாராணி. மதியமானால் அவள் வீட்டில் நாலு பேர் கூடிக் காய் உருட்டுவார்கள். டெங் அக்கா, வேய்யின், எதிர்வீட்டு மாவ், சூசென். மேற்கு நாற்காலி சூசெனுடையது. எத்தனையோ வருஷமாக அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மெத்தையில் அவள் வடிவமே பதிந்திருந்தது. இப்போது அந்த நாற்காலியில் டெங் அக்காவின் கொழுந்தன் பாவ் உட்கார்ந்திருந்தான். ஒரு காயை வைப்பதற்குள் மற்றவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழலாம், அப்படி ஓர் ஆட்டக்காரன்.

"உன் மேல பாசம் இல்லாம இல்லடீ," என்றாள் டெங் அக்கா, கதவைப் பாதி திறந்து. "காயை நாலு பேரும் தொடுறோம் பாரு. கோங் குரு தொட்டியில உனக்குத் தண்ணி தெளிவா வரட்டும். படத்தைக் குழுவுல போடு. அடுத்த நிமிஷம் வந்து உக்காரு."

சூசென் வீட்டு ஜன்னலுக்கு அந்தக் காய்களின் சடசடப்பு கேட்கும். மூச்சுத் திணறிக் கிடந்தபோது அழாதவள், அந்தச் சத்தத்துக்கு அழுதாள். மறுநாளே போய் வரிசையில் நின்றாள்.

அவளும் நம்பினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். குரு நாடி பிடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். கிருமி குதிகாலில் குடித்தனம் நடத்துகிறது, இன்னும் பல முறை வர வேண்டும் என்றார். வந்தாள். தண்ணீர் ஒவ்வொரு முறையும் கறுத்தது. முழு வைத்தியத்துக்கும் முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் கடைசி நாளில் தெளிந்தது. அன்றைக்கு மூலிகை உப்பைக் கிள்ளித்தான் போட்டார் என்பதை யார் கவனித்தார்கள்?

ஒருநாள் டெங் அக்கா, வேய்யினையும் மாவையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? காலும் வலிக்கிறது, நாற்காலியும் காலியாக இருக்கிறது என்று தொட்டியில் காலை விட்டாள். ஊரடங்கில் ஜன்னலைக்கூடத் திறக்காதவள், எத்தனையோ சோதனையிலும் ஒன்றும் வராதவள். தண்ணீர் மையாகிவிட்டது. சூசெனுடையதைவிடக் கறுப்பு. பதறிப்போய் வேய்யின் உட்கார்ந்தாள், அவளுக்கும் கறுப்பு. மாவுக்கும் கறுப்பு.

குரு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, இது ஒளிந்திருக்கும் கிருமி, யாரிடமிருந்தோ ஒட்டியிருக்கிறது என்றார். எல்லார் கண்ணும் சூசென் பக்கம் திரும்பியது.

"குடியிருப்பையே கெடுத்துட்டியேடீ," என்றாள் டெங் அக்கா. அன்று முதல் மாஜாங்கும் நின்றது. பாவ் மட்டும் காய்களைத் துடைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தான். சூசென் மாடிப்படியில் இறங்கினால் மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நாற்காலி போனதுகூடப் பெரிதில்லை, இப்போது ஊருக்கே நோய் கொடுத்தவள் என்ற பெயர். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, சந்தையில் தாமரைக்கிழங்கு வாங்கும்போது அவள் யோசித்தாள். நோய் வந்த எனக்கும் கறுப்பு, வராத அக்காவுக்கும் கறுப்பு. அப்படியென்றால் கறுப்பு காலில் இருக்கிறதா, தொட்டியில் இருக்கிறதா? பக்கத்தில் இறைச்சிக் கடைக்காரன் கொக்கியில் பன்றிக்கால்களை மாட்டிக்கொண்டிருந்தான். வெள்ளையாக, மழமழவென்று, மயிர் சிரைத்த கால்கள். சூசென் அவற்றையே பார்த்தாள். பிறகு தன்னையும் அறியாமல் சிரித்தாள். கடைக்காரன் பயந்துபோய் நல்ல ஜோடியாகப் பார்த்துக் கொடுத்தான்.

அன்று மதியம் தொளதொளப் பாவாடையும் பெரிய பையுமாகக் கடைக்குப் போனாள். டெங் அக்காவையும் மற்ற இருவரையும் வரச்சொல்லியிருந்தாள். கடைசி வைத்தியம், இன்றைக்குத் தெளியாவிட்டால் நான் ஊரைவிட்டே போய்விடுகிறேன் என்றதும் வந்துவிட்டார்கள். துண்டைப் போர்த்திவிட்டு உதவியாளன் நகர்ந்தான். குரு வாசலில் வரிசையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சூசென் தன் கால்களைச் சம்மணம் போட்டுச் சாய்வு நாற்காலியில் மடக்கிக்கொண்டு, பையிலிருந்த ஜோடியைத் துண்டுக்கடியில் தண்ணீருக்குள் இறக்கினாள்.

குரு வந்தார். முன்பணம் கட்டாதவள் அல்லவா, உப்பை அள்ளிப் போட்டார். பெட்டியைத் தட்டினார். துண்டோரம் தெரிந்த தண்ணீர் மஞ்சளாகிப் பழுப்பாகி மையானது. கூட்டம் மூச்சை இழுத்தது. குரு கண்ணை மூடி நாடி பிடித்தார்.

"ரொம்பக் கஷ்டப்பட்ட காலும்மா இது. குதிகாலை விட்டுருச்சு. இப்ப சுண்டு விரல்ல வந்து நிக்குது."

"சுண்டு விரல்லயா?"

"ரெண்டு கால்லயும்."

சூசென் துண்டை விலக்கினாள். தொட்டிக்குள் கைவிட்டுச் சொட்டச் சொட்ட ஒரு காலைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இதுல சுண்டு விரல் எதுன்னு காட்டுங்க குரு."

திருடனுக்குத் தேள் கொட்டினது போல முழித்தார் கோங். சிரிப்பு வாசலில் கிளம்பி வரிசையில் ஓடி, கழிப்பறைவரை போய்த் திரும்பி வந்தது. ஆனாலும் நம்பிக்கை லேசில் சாகுமா? குரு சட்டென்று தேறிக்கொண்டு, பன்றிக்கும் கிருமி இருக்கலாமே என்றார். கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. ஒரு பெரியவர், அந்தப் பன்றி எந்த மருத்துவமனையில் படுத்திருந்தது என்று உண்மையிலேயே கேட்டார்.

அப்போதுதான், தன் தண்ணீரும் இதே மாதிரி மையானது உறைக்க, டெங் அக்கா முன்னால் வந்தாள். இன்னொரு காலையும் எடுத்து எறிந்தாள். தொட்டியைக் கவிழ்த்து, புது வெந்நீர் ஊற்றி, உப்பைப் போட்டு, சுருளைத் தொங்கவிட்டாள்.

"இதுல யார் காலும் இல்ல. தட்டுங்க."

கோங் தட்டவில்லை. அவளே தட்டினாள். தண்ணீர் மஞ்சளானது. பழுப்பானது. யாருமே இல்லாத தண்ணீர், ஊரிலேயே பெரிய நோயாளி மாதிரி மையானது. அணைத்துவிட்டுச் சுருளை எடுத்துத் தேய்த்தாள். விரலெல்லாம் துரு. உப்புத் தண்ணீரில் இரும்பு, இரும்பில் மின்சாரம், அவ்வளவுதான் குருவின் ஞானம். அந்தத் துருவைத்தான் சந்தே படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்பட்டிருந்தது. கோங்கைத் தேடினால் பின்வாசல் திறந்திருந்தது. ஒற்றைச் செருப்பு கிடந்தது.

சாயங்காலம் டெங் அக்கா, சூசென் வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"பாவ் இன்னும் முதல் காயையே வைக்கலடீ," என்றாள். "வந்து உன் நாற்காலியக் காப்பாத்து."

சூசென் புதிதாக வாங்கிய பன்றிக்காலையும் தாமரைக்கிழங்கையும் வேகவைத்துச் சூப்பாக்கிச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள். நாலு பேரும் ஒரே சட்டியில் குடித்தார்கள். மேற்கு நாற்காலி அவளை அடையாளம் கண்டுகொண்டது. அன்றைக்கு டெங் அக்காவை ஓட்டாண்டியாக்கிவிட்டுத்தான் எழுந்தாள், அப்படி ஓர் ஆனந்தம்.

வரிசை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கொஞ்ச நேரம் கலையாமல் நின்றது. பிறகு ஆற்றுக்கு அக்கரையில் ஒருவர் காது வழியாகக் கிருமி எடுக்கிறாராம் என்று யாரோ சொல்ல, பாதிப் பேர் படகுத்துறைக்குக் கிளம்பிவிட்டார்கள். போகட்டும். காலைக் கழுவவும் காதைக் குடையவும் எங்கே வேண்டுமானாலும் போங்கள் ஐயா, போகும்போது தலையை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.