பதினாறா முப்பத்திரண்டா, ரொஹான் அண்ணா?

கட்டுகஸ்தோட்டை,
வியாழக்கிழமை.

எந்தக் குரூப்பிலும் இல்லாத, எந்த அழைப்பையும் எடுக்காத, ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அன்பான ரொஹான் அண்ணாவுக்கு,

தங்கள் சித்தப்பா மகள் ஜெஸ்மின் பணிவுடன் எழுதிக்கொள்வது. (சிரிக்க வேண்டாம். 'பணிவுடன்' என்ற சொல்லை அம்மா பக்கத்தில் நின்று போட வைத்தார்.) இங்கே நாங்கள் அனைவரும் சுகம். சுகமில்லாதவர்களும் அப்படியே எழுதச் சொன்னார்கள். தங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும். ஆனால் பெரியம்மாவின் அடக்கத்தன்று போனை வைத்த நீங்கள் இன்னும் எடுக்கவில்லை, ஆகவே ஆவல் தீர்ந்து இப்போது எரிச்சல் நடக்கிறது. அடக்கத்துக்கு வந்திருந்த ஷிரோமி அக்காவும் அவர் கணவர் மச்சானும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் இத்தாலிக்கே திரும்புகிறார்கள். அவர்கள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கடதாசியை மியூட் பண்ண ஏலாதுதானே.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா புதுக் கம்பியூட்டர் ஒன்று கட்டுகிறார். கடையில் ஆயத்தமாக வாங்குவதில்லை, லோரன்ஸ் ஸ்டூடியோ அதிபருக்கு அது மரியாதை இல்லையாம். பகுதி பகுதியாக வாங்கி, அவரும் நானும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டுகிறோம். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு கிழமையாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம், அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சாபத்தை நேரடி ஒளிபரப்பாகக் கொடுக்கிறார். பெட்டி வந்துவிட்டது, காற்றாடி வந்துவிட்டது, மற்றதெல்லாம் வந்துவிட்டது. மெமரி மட்டும்தான் பாக்கி. பதினாறு ஜீபி போடுவதா, முப்பத்திரண்டு போடுவதா என்று வீடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதைத் தீர்க்க உங்களால் மட்டும்தான் ஏலும். எப்படி என்று சொல்கிறேன், பொறுங்க.

பழைய கம்பியூட்டரில் எட்டு ஜீபி. உங்களுக்கு விசாக் கடதாசி கிடைக்காம, இத்தாலிய விட்டு வெளிக்கிட்டா திரும்பிப் போக ஏலாதுன்னு ஆன அன்னைக்கு, அந்த எட்டு ஜீபியத்தான் அப்பா பெரியம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனார், "என் மகன் மாதிரி அவன், அடக்கத்த ஒரு நிமிஷம் கூட விடாம லைவா காட்டுறேன்"னு பெரியப்பாட்ட சத்தியம் பண்ணிட்டு. மூணு கமரா, பெரியம்மாட போட்டோ வரிசை, மலர்வளையம் அனுப்பினவங்க பேரு கீழால ஓடுறது, எல்லாம் ஒரே மெசின்ல. இதுல அப்பா யாருக்கும் சொல்லாம இன்னொரு வேலையும் செஞ்சிருந்தார், மடவளையில ஒரு கலியாண வீடியோவ அடுத்த நாள் குடுக்கணும்னு பின்னால அதையும் ஓட விட்டிருந்தார். அந்த மெசின் என்ன செய்யும் பாவம், ஒரு பக்கம் மாப்பிள்ளை சிரிக்கிறார், ஒரு பக்கம் நாங்க அழுறோம், நடுவுல அது மூச்ச விட்டுட்டுது. சரியா பெட்டிய மூட எல்லாரும் எழும்பின நேரம். படம் நின்ன இடம் உங்களுக்கே தெரியும்: அதே மச்சான் வாயத் திறந்து அண்ணாந்து சோடா குடிக்கிற காட்சி. உங்க அம்மாவக் கடைசியாப் பாக்குறதுக்குக் காத்திருந்த உங்களுக்கு அவர்ட தொண்டக்குழிதான் கிடைச்சிது.

படம்தான் நின்னுச்சி, சத்தம் நிக்கல. அது எங்களுக்கு அந்த நேரம் தெரியாது, அண்ணா. ஷிரோமி அக்கா உங்க ரூம்ல இருக்கிறவர்ட்ட பேசித்தான் பிறகு அறிஞ்சோம். அதாவது பெரியப்பா பெரியம்மாட முக்காட்டச் சரி பண்ணிட்டு, "லோரன்ஸ், ரொஹான் பாத்துட்டானா?"ன்னு கேட்டது உங்களுக்குக் கேட்டிருக்கு. அப்பா நின்னு போன மெசினப் பாத்துக்கிட்டே "பாத்துட்டான் அண்ணே"ன்னு சொன்னதும் கேட்டிருக்கு. "அப்ப மூடுங்க"ன்னு பெரியப்பா சொன்னதும். நான் அப்பாவுக்குப் பக்கத்துலதான் வயர் பிடிச்சிட்டு நின்னேன். சேட்டை ஒண்டும் பண்ணாத ஒரே நாள் அது.

அப்பாவுக்காக நான் வக்காலத்து வாங்கல. அந்த நேரம் "இல்ல"ன்னு சொல்லியிருந்தா பெரியப்பா மூட விட்டிருக்க மாட்டார், ஃபாதர் வாசல்ல காத்துட்டு நின்னார், மழை வேற. ஆனா வீட்டுக்கு வந்து அப்பா செஞ்ச முதல் வேல, அந்த மடவளை வீடியோவ அழிச்சிட்டு அந்தக் கலியாண வீட்டுக்காரங்கட்ட ஏச்சு வாங்கினது. நான் பழைய மெசின்ல ஒரு துண்டு ஒட்டினேன், 'எட்டு ஜீபி இங்கே நித்திய இளைப்பாற்றியில்'. அப்பா பாத்துட்டு அடிக்கத்தான் வந்தார். பெரியப்பா வாசிச்சிட்டுச் சிரிச்சார். பெரியம்மா போன பிறகு சிரிச்ச முதல் தடவ, அதனால துண்டு இன்னும் இருக்கு. இப்ப அந்த மெசின் மேல தேத்தண்ணிக் கோப்பைய வைக்க வேணாங்கிறார் பெரியப்பா, மரியாதை இல்லையாம்.

இப்ப எங்களோட இருக்கிற பெரியப்பாட போன் கதையும் சொல்லத்தான் வேணும். நீங்க எடுப்பீங்கன்னு அத எங்கயும் விட்டுட்டுப் போறதில்ல, குளிக்கப் போனாலும் சவர்க்காரப் பெட்டில வைச்சிக்கிட்டுத்தான் குளிப்பார். போன கிழம வாளிக்குள்ள விழுந்திட்டுது. அரிசிக்குள்ள போட்டு வச்சோம். அம்மா கவனிக்காம அந்த அரிசியவே உலையில போட்டுட்டாங்க. போனையில்ல, அரிசிய, போன் சுளகுல கிடந்து பிறகு கிடைச்சிது. ஆனா போன் எங்கன்னு தேடின அந்தப் பத்து நிமிஷத்துல பெரியப்பா இருந்த இருப்ப நீங்க பாத்திருந்தா, கோவம் எவ்வளவு இருந்தாலும் ஒரு ஹலோ சொல்லியிருப்பீங்க.

இனி மெமரிக்கு வாறேன். முப்பத்தோராம் நாள் பூசை அடுத்த சனிக்கிழமை. அதுக்கு முதல் மெசின் முடியணும்னு அப்பா, பெரியப்பா, நான் மூணு பேரும் அக்குறணைக்கு முஹ்ஸின் நானாட கம்பியூட்டர் கடைக்குப் போனோம்.

"என்ன வேலைக்கு லோரன்ஸ்? கேமா, எடிட்டிங்கா?" என்று நானா கேட்டார்.

அப்பா வாயத் திறக்க முதல் பெரியப்பா, "செத்த வீட்டுக்கு" என்றார்.

கடையில நின்ன அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. நானா கையில இருந்தத வச்சிட்டார். "யாருக்கு, அண்ணன்?"

"சம்சாரத்துக்கு."

நானா கதிரைய இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடைக்கு பிளேன்டீ சொல்லி அனுப்பிட்டு, பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தினார். "அண்ணன், சாமான் அடுக்கி வக்கிற அலுமாரி வேற, மெமரி வேற. மெமரி மேச மாதிரி. ஒரே நேரத்துல மேச மேல எத்தன சாமான் விரிச்சி வச்சி வேல செய்யப் போறீங்க, அதச் சொல்லுங்க. அதப் பாத்து மேச எடுப்போம்."

பெரியப்பா விரல மடக்கினார். பீடத்துக்கு ஒரு கமரா, பாட்டுக்காரப் பிள்ளைகளுக்கு ஒண்டு, சேமக்காலைக் கல்லறைக்கு ஒண்டு, போட்டோ, சத்தம்.

"அது பதினாறுக்குள்ள தாராளமா அடங்கும்" என்றார் நானா.

"ரொஹான்?" என்று கேட்டார் பெரியப்பா.

"அவன் பாக்குறவன்தானே அண்ணே, பாக்குறவனுக்கு நம்ம மெசின்ல எடம் தேவல்ல" என்றார் அப்பா.

"பாக்குறதுக்கு மட்டுமா கூப்புடுறேன்? அன்னைக்கு வந்த சனமெல்லாம் மகன் எங்க, மகன் எங்கன்னு கேட்டுச்சி. கோயில்ல பெரிய திரை கட்டு. அவன் மொகம் அதுல தெரியணும், அவங்கம்மாவுக்கு அவன்தான் மன்றாட்டு வாசிக்கணும், அத எல்லாரும் கேக்கணும்."

நானா யோசிச்சார். "மகனும் உள்ள வாறதுன்னா நெருக்கம்தான். முப்பத்திரண்டு போடுங்க. மகன் இல்லாட்டி பதினாறு காணும்."

அப்பா பதினாறுதான்னு ஒரே பிடியா நின்னார். போனே எடுக்காதவனுக்கு எதுக்கு மேசங்கிறார். எனக்கு அது உண்மையான காரணமாத் தெரியல. கோயில் சுவர்ல உங்க முகம் அவ்வளவு பெருசா வந்து நின்னா அப்பா எங்க பாக்குறது? கமராவுக்குப் பின்னால ஒளியத்தான் ஏலுமா? அதுதான் பயம். கடைசியில ஒண்டும் வாங்காமத் திரும்பினோம். பஸ்ல கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தும் பெரியப்பா எழும்பல, நான்தான் கையப் பிடிச்சி இறக்கினேன்.

ஆகவே அண்ணா, பெரிய பதில் எதுவும் எழுத வேண்டாம். ஒரே ஒரு இலக்கம் அனுப்புங்கள். வருவதென்றால் முப்பத்திரண்டு, வராவிட்டால் பதினாறு. பதினாறு என்று வந்தால் நாங்கள் பதினாறே போட்டுக்கொள்வோம், அதற்குப் பிறகு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம், நானும் கடிதம் எழுதிக் கழுத்தறுக்க மாட்டேன்.

குளிருக்குக் கழுத்துத் துண்டைக் கட்டவும். வேளைக்குச் சாப்பிடவும். தேவமாதா உங்களைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், கை ஓய்வாக இருந்தால் உங்கள் போனின் பச்சைப் பொத்தானையும் ஒரு தடவை அழுத்தி விடட்டும்.

இப்படிக்கு,
வயரையும் கண்ணீரையும் பிடித்துக்கொண்டு நின்ற,
ஜெஸ்மின்.

பி.கு.: வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதுறேன். மேல கேட்ட கேள்விய மறந்துடுங்க. பெரியப்பா இன்னைக்கு யாருக்கும் சொல்லாம தனிய அக்குறணைக்குப் போயிருக்கார். வெள்ளின்னு அவருக்கு ஞாபகமில்ல, ஜும்மாவுக்குக் கடையெல்லாம் மூடியிருக்கு. திறக்கிற வரைக்கும் நிக்கப் பொறும இல்லாம இங்க வந்து வேற கடையொண்டுல "இருக்கிறதுல பெருசு ஒண்டு தாங்க"ன்னு கேட்டு, முப்பத்திரண்ட வாங்கிட்டு வந்து மேசையில வச்சார். "அவன் வந்தாலும் வராட்டியும் அவனுக்கு எடம் இருக்கட்டும் லோரன்ஸ்"னார். அப்பா எடுத்துப் பூட்டப் பாத்தார். குட்டையா இருந்திச்சி, லெப்டொப்புக்குப் போடுறது. எனக்குப் பயம், அப்பா இப்பயும் "சரியாப் போச்சு அண்ணே"ன்னு சொல்லிடுவாரோன்னு. அதப் பெரியப்பாட கையில திருப்பி வச்சிட்டு அப்பா சொன்னார், "பொருந்தல அண்ணே. அன்னைக்கும் அவன் பாக்கல." பெரியப்பா "தெரியும்டா"ன்னார். பிறகு அது வேற எதுக்குப் பொருந்தும்னு கேட்டார், அப்பா சொன்னார். "அவன்கிட்ட லெப்டொப் ஒண்டு இருக்கே"ன்னு பெரியப்பாவே இந்தக் கவருக்குள்ள வச்சி ஒட்டிட்டார். எங்க மெசினுக்கு நாளைக்கு அப்பா வேற வாங்குறார், எவ்வளவுன்னு இனி யாரும் கேக்கல. நீங்க எங்க கோல எடுக்க வேணாம், மன்றாட்டும் வாசிக்க வேணாம். உங்களதுல இது பொருந்திச்சா இல்லையான்னு மட்டும் நீங்களா கோல் பண்ணி பெரியப்பாவுக்குச் சொல்லுங்க. இந்தத் தடவ உங்க வாயால கேக்கணுமாம்.